எந்தத் திரை எந்தப் பக்கம்: லினக்ஸில் மானிட்டர் வரிசை

இரண்டு மானிட்டர் வைத்து லினக்ஸ் ஓட்டுகிற பலருக்கு இது பழக்கப்பட்ட எரிச்சல். இடப்பக்கத் திரைக்குப் போகலாம் என்று மவுஸை இடதுபக்கம் தள்ளினால் கர்சர் ஓரத்திலேயே நின்றுவிடும். வலதுபக்கம் தள்ளினால் இடப்பக்கத் திரையில் வந்து குதிக்கும். செட்டிங்ஸைத் திறந்து, அங்கே தெரிகிற இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி இழுத்துப் போட்டு, அப்ளை கொடுத்தால் வேலை முடிந்தது. பாதிப் பேருக்கு உண்மையிலேயே அதோடு முடிந்துவிடும். அப்படி முடியாத மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். லேப்டாப்பை மறுபடி டாக்கில் (பல மானிட்டர்களை இணைக்கும் பெட்டி) செருகியதும் சிலருக்கு வரிசை கலைந்துபோகும். சிலருக்கு லாகின் திரை மட்டும் தப்பான மானிட்டரில் வரும். மூன்றாவது மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துவிட்டுக் கர்சரைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மானிட்டர் மேசையில் எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கேபிள் எந்தப் போர்ட்டில் செருகியிருக்கிறது என்பது தெரியும். அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் மானிட்டர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதும் தெரியும். இந்தச் சுயவிவரத்துக்கு ஈடிஐடி என்று பெயர். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறியீடு, மாடல் எண், சீரியல் எண், தயாரான ஆண்டு, திரையின் அகலமும் உயரமும், தாங்கக்கூடிய ரெசல்யூஷன்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். இவ்வளவும் சொல்கிற மானிட்டர், தான் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கமா என்பதை மட்டும் சொல்லாது. அதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் சொல்லியாக வேண்டும். நாம் சொல்லும்வரை டெஸ்க்டாப் செய்வதெல்லாம் வெறும் ஊகம். புதிதாக வந்த திரையை வரிசையின் கடைசியில் ஒட்டிவிடும், அல்லது எல்லாத் திரையிலும் ஒரே படத்தைக் காட்டும்.

ஆக, வரிசையைச் சொல்வது ஒரு தடவை வேலை. அது நிலைப்பதும் கலைவதும் வேறு இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. நாம் சொன்ன இடம் போர்ட்டோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா, மானிட்டரோடு சேர்த்தா? அதை எழுதி வைத்திருப்பது ஒருவரா, இரண்டு மூன்று பேரா? வரிசை தானாக மாறுகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் வந்து முடிவதைத்தான் பார்க்கிறேன்.

அதற்குள் போகுமுன் ஆயத்தொலைவுகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் செட்டிங்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடுவது அதுதான். எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய பரப்பு. அதன் மேல் இடது மூலை பூஜ்யம், பூஜ்யம். வலப்பக்கம் போகப்போக எக்ஸ் கூடும், கீழே போகப்போக ஒய் கூடும். ஒவ்வொரு மானிட்டருக்கும் அதன் மேல் இடது மூலை இந்தப் பரப்பில் எங்கே விழுகிறது என்று இரண்டு எண்கள் கொடுத்தால் போதும். 2560 × 1440 திரை இடப்பக்கமும் 1920 × 1080 திரை வலப்பக்கமும் இருந்தால், முதலாவது 0, 0-வில் தொடங்கும். இரண்டாவது 2560, 0-வில் தொடங்கும்.

ஆனால் இரண்டுக்கும் உயரத்தில் 360 பிக்சல் வித்தியாசம் இருக்கிறதே, அது எங்கே போகும்? மேல் ஓரம் நேராக இருந்தால், பெரிய திரையின் கீழ்ப்பகுதி 360 பிக்சலுக்கு வலப்பக்கம் வழியே கிடையாது. கர்சர் அங்கே போய் ஓரத்தில் இடிக்கும். கீழ் ஓரத்தை நேராக்க வேண்டுமானால் சின்னத் திரையை 2560, 360-இல் வைக்க வேண்டும். இப்போது மேலே 360 பிக்சல் மூடிவிடும். பெரிய திரையிலிருந்து சின்னத் திரைக்குப் போகும்போது இந்தத் தடுப்பு எங்காவது ஒரு மூலையில் இருந்தே தீரும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிக்சல் கணக்கும் சென்டிமீட்டர் கணக்கும் ஒன்றல்ல. 27 அங்குல 1440 திரையின் உயரம் சுமார் 33.6 செ.மீ. 24 அங்குல 1080 திரை சுமார் 29.9 செ.மீ. இரண்டையும் கீழ் ஓரம் சமமாக இருக்கும்படி மேசையில் வைத்தால், மேலே உள்ள வித்தியாசம் நான்கு செ.மீட்டர்கூட இல்லை. ஆனால் பிக்சல் உலகத்தில் அந்த 360 என்பது பெரிய திரையில் எட்டு செ.மீட்டருக்கும் மேல். அதனால்தான் செட்டிங்ஸில் பெட்டிகளை அழகாக நேராக்கி வைத்த பிறகும் கர்சர் எல்லையைத் தாண்டும்போது ஒரு துள்ளல் தெரிகிறது. பெரிய திரையின் நடுவிலிருந்து, அதாவது மேசையிலிருந்து 16.8 செ.மீ. உயரத்தில் தாண்டினால், சின்னத் திரையில் கிட்டத்தட்ட 20 செ.மீ. உயரத்தில் போய் நிற்கும்.

இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, இடம் மாற்றி வைக்கத்தான் முடியும். நீங்கள் அடிக்கடி தாண்டுகிற உயரம் எது என்று பாருங்கள். எனக்கு அது நடுப்பகுதி. ஆகவே 360-க்குப் பதில் ஒய் மதிப்பை 250 பக்கம் வைத்தால் நடுவில் கர்சர் நேராகப் போகிறது, துள்ளல் மேலும் கீழும் ஒதுங்கிவிடுகிறது. செட்டிங்ஸில் பெட்டியை இழுக்கும்போது அது ஓரங்களில் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், அதனால் இந்த மாதிரி இடைப்பட்ட எண்ணை நினைத்தபடி கொண்டுவருவது சிரமம். எண்ணாகவே கொடுத்துவிடுவது சுலபம்.

எண்ணாகக் கொடுக்க, லினக்ஸில் நெடுங்காலமாகத் திரையில் படம் காட்டிவரும் எக்ஸ்11-இல் (சுருக்கமாக எக்ஸ்) உள்ள கருவி எக்ஸ்ரேண்டர். திரைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே இடம் மாற்றும் வசதி ரேண்டர் என்ற எக்ஸ் நீட்சியின் 1.2 பதிப்பு வழியாக 2007-இல்தான் எக்ஸ் சர்வருக்கு வந்தது. அதற்கு முன்னால் கான்ஃபிக் கோப்பில் எழுதி, எக்ஸையே நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் கறுப்புத் திரை. அந்தக் காலத்து அறிவுரைகள் இன்றும் தேடலில் வந்து விழுகின்றன. கான்ஃபிக் கோப்பில் மானிட்டர் பகுதி எழுதுங்கள் என்று ஆரம்பிக்கும் எதையும் முதல் மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்ரேண்டரில் இரண்டு வழியாக இடம் சொல்லலாம். ஒன்று உறவுமுறையில்: இந்தத் திரை அந்தத் திரைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே. இன்னொன்று நேரடியாகப் பாஸ் என்ற தேர்வில் எண் கொடுப்பது. உறவுமுறை படிக்க எளிது, ஆனால் இடம் வலம் சொன்னால் எப்போதும் மேல் ஓரத்தைத்தான் நேராக்கும். மேலே சொன்ன 250-ஐ அதில் சொல்ல வழியில்லை. மூன்று திரை இருந்து, ஒன்று செங்குத்தாகத் திரும்பியிருந்தால், எண் கொடுப்பதே தெளிவு. செங்குத்துத் திரையில் அகலமும் உயரமும் இடம் மாறும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இடக்கோடியில் 1920 × 1080 திரையைத் திருப்பி வைத்திருந்தால் அடுத்த திரை 1080-இல் தொடங்கும், 1920-இல் அல்ல. எண்ணோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு ஏரேண்டர் இருக்கிறது. பெட்டிகளை இழுத்து வைத்தால், அதையே எக்ஸ்ரேண்டர் கமாண்டாக ஒரு ஸ்கிரிப்டில் சேமித்துக் கொடுத்துவிடும்.

சரி, ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது, லாகின் ஆனதும் ஓடும்படி வைத்தாயிற்று. அடுத்த தொல்லை இங்கேதான் ஆரம்பம்.

அந்த ஸ்கிரிப்டில் இருப்பது போர்ட்டின் பெயர். லேப்டாப் திரைக்கு இடிபி-1, எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு எச்டிஎம்ஐ-1 என்கிற மாதிரி. இந்தப் பெயர்கள் கல்லில் வெட்டியவை இல்லை. ஒரே போர்ட்டைப் பழைய இன்டெல் டிரைவர் கோடு இல்லாமல் எச்டிஎம்ஐ1 என்றது. பொதுவான மோட்செட்டிங் டிரைவர் எச்டிஎம்ஐ-1 என்கிறது. என்விடியாவின் டிரைவர் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்து எச்டிஎம்ஐ-0 என்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலும், எக்ஸுக்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலேண்டும் எச்டிஎம்ஐ-ஏ-1 என்கின்றன. டிரைவர் மாறினால், எக்ஸிலிருந்து வேலேண்டுக்குத் தாவினால், பழைய ஸ்கிரிப்ட் இல்லாத போர்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

டாக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். ஒரே டிஸ்பிளேபோர்ட் இணைப்பில் இரண்டு மூன்று மானிட்டர்களை ஓட்டும் எம்எஸ்டி முறையில், டாக் செருகப்படும்போதுதான் அந்தக் கிளைப் போர்ட்டுகளே உருவாகின்றன. பிடுங்கிச் செருகினால் புதிய எண்ணோடு உருவாகலாம். போன தடவை டிபி-3 ஆக இருந்தது இந்தத் தடவை டிபி-5. தூக்கத்திலிருந்து எழும்போது எந்த மானிட்டர் முதலில் விழித்தது என்பதைப் பொறுத்துக்கூட மாறலாம். இப்படிப்பட்ட அமைப்பில் போர்ட் பெயரை வைத்து எழுதிய எதுவும் நிலைக்காது.

ஆகவே போர்ட்டை விட்டுவிட்டு மானிட்டரைப் பிடிக்க வேண்டும். எக்ஸில் அதற்கு ஆட்டோரேண்டர். நீங்கள் ஒரு தடவை வரிசையைச் சரியாக அமைத்து, ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளச் சொன்னால், அந்த நேரத்தில் இணைந்திருந்த எல்லா மானிட்டர்களின் ஈடிஐடியையும் கைரேகை மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே கூட்டம் மறுபடி சேரும்போது அதே வரிசையைப் போட்டுக் கொடுக்கும். டாக்கில் ஒரு வரிசை, புரொஜெக்டரோடு ஒரு வரிசை, தனியாக ஒரு வரிசை என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு கவனம் தேவை: சாதாரணமாக அது போர்ட் பெயரையும் சேர்த்தே பார்க்கும். எண் மாறிக்கொண்டே இருக்கும் டாக் என்றால், ஈடிஐடியை மட்டும் வைத்துப் பொருத்தச் சொல்லும் மேட்ச்-ஈடிஐடி தேர்வைச் சேர்க்காவிட்டால் பலன் பாதிதான்.

வேலேண்டில் ஓடும் ஸ்வே போன்ற விண்டோ மேனேஜர்களுக்கு இதே வேலையைக் கான்ஷி என்ற நிரல் செய்கிறது. ஸ்வேயின் கான்ஃபிக்கிலேயே போர்ட் பெயருக்குப் பதில் தயாரிப்பாளர், மாடல், சீரியல் மூன்றையும் மேற்கோள் குறிக்குள் எழுதலாம். நான் எப்போதும் இந்த நீளமான பெயரைத்தான் எழுதுவேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கேபிளை எங்கே மாற்றிச் செருகினாலும் திரை தன் இடத்தை விடாது.

இரட்டைப் பிள்ளைகள்தான் தொந்தரவு. ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கி வைப்பவர்கள் நிறைய, பார்க்கவும் அழகு. சீரியல் எண் வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் சில மானிட்டர்கள் சீரியல் இடத்தில் பூஜ்யத்தையோ எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண்ணையோ வைத்துக்கொண்டு வருகின்றன. அப்போது கணினி இரண்டையும் பிரித்தறிய மிச்சமிருப்பது போர்ட் மட்டுமே. அந்த இடத்தில் போர்ட் பெயருக்குத் திரும்புவதுதான் சரி, கூடவே கேபிளிலும் போர்ட்டிலும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பதும். இரண்டும் ஒரே எம்எஸ்டி டாக்கில் தொங்கினால், ஒன்றை டாக்கிலிருந்து எடுத்து லேப்டாப்பின் சொந்தப் போர்ட்டில் செருகுவதைவிட நல்ல தீர்வை நான் பார்க்கவில்லை. மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடுவதைவிட இது மேல்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

க்னோம் டெஸ்க்டாப்பில் நீங்கள் செட்டிங்ஸில் செய்யும் மாற்றம் உங்கள் கான்ஃபிக் ஃபோல்டரில் மானிட்டர்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் போய் உட்காரும். திறந்து பார்த்தால் படிக்கும்படியாகவே இருக்கும். ஒவ்வொரு மானிட்டர் கூட்டத்துக்கும் ஒரு பதிவு. அதற்குள் போர்ட் பெயர், தயாரிப்பாளர், மாடல், சீரியல், இடம், அளவு எல்லாம். போர்ட் பெயரும் அடையாளத்தின் ஒரு பகுதியாக இருப்பதால், எண் மாறும் டாக்கில் ஒரே மேசைக்கு அரை டஜன் பதிவுகள் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஒன்றில் சரியாக இருக்கும், மற்றதில் தப்பாக இருக்கும். அந்தக் கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வெளியேறி உள்ளே வந்து, மறுபடி ஒரு தடவை அமைப்பது பல மர்மங்களைத் தீர்க்கும். இன்னொன்று, திரைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வைக்க க்னோம் சம்மதிக்காது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோப்பைக் கையால் திருத்தி ஒரு பிக்சல் தவறினாலும் அதை ஏற்காது.

இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇயில் நிலைமை நீண்ட காலம் சுமாராகத்தான் இருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த அதன் பிளாஸ்மா 5.27 பதிப்பில் பல திரைக் கையாளுதலைப் பெரிய அளவில் மாற்றி எழுதினார்கள். முதன்மைத் திரை என்று ஒன்றை மட்டும் குறிப்பதற்குப் பதில் திரைகளுக்கு முன்னுரிமை வரிசை கொடுக்கும் முறையும் அப்போது வந்தது. பேனல் காணாமல் போவது, வால்பேப்பர் இடம் மாறுவது என்று பழைய பதிப்பில் அல்லல்பட்டு விட்டு ஓடியவர்கள் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

பிரச்சினை வருவது இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யும்போது. லாகின் ஸ்கிரிப்டில் ஒரு பழைய எக்ஸ்ரேண்டர் வரி இருக்கும், டெஸ்க்டாப் தன் நினைவிலிருந்து ஒரு வரிசையைப் போடும், பின்னணியில் ஆட்டோரேண்டர் வேறு ஓடும். கடைசியில் ஓடியது ஜெயிக்கும், எது கடைசி என்பது அன்றன்றைக்கு மாறும். திரைகள் இரண்டு மூன்று தடவை கறுத்து வெளுத்து அப்புறம் நிலைக்கிறது என்றால் இந்தப் போட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முழு டெஸ்க்டாப் வைத்திருந்தால் அதனிடமே விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஐ3 மாதிரி வெறும் விண்டோ மேனேஜர் என்றால் ஆட்டோரேண்டர் ஒன்று போதும்.

லாகின் திரை இதே கதையின் கிளை. அது உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடுகிறது. உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் கோப்பு அதன் கண்ணில் படாது. க்னோமின் லாகின் நிரலான ஜிடிஎம் என்றால் உங்கள் மானிட்டர்ஸ் கோப்பை அதன் கான்ஃபிக் ஃபோல்டருக்கு நகலெடுத்து வைப்பது வழக்கமான வைத்தியம். வேறு லாகின் நிரல்களான லைட்டிஎம், எஸ்டிடிஎம் இரண்டிலும் திரை தயாராகும்போது ஓட ஒரு ஸ்கிரிப்டைக் குறிப்பிடலாம்.

வேலேண்டுக்கு மாறியவர்கள் முதலில் திகைப்பது எக்ஸ்ரேண்டர் கைகொடுக்காமல் போவதில். கேட்டால் பதில் சொல்லும், ஏனென்றால் எக்ஸுக்காக எழுதிய பழைய நிரல்களுக்காக வேலேண்டுக்குள் எக்ஸ்வேலேண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இடத்தை மாற்றச் சொன்னால் உண்மையான வரிசை அசையாது. வேலேண்டில் திரைகளைக் கையாளும் பொறுப்பு அந்தந்த கம்பாசிட்டருடையது (விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல்), எல்லாருக்கும் பொதுவான ஒரே கமாண்ட் கிடையாது. கேடிஇக்குக் கேஸ்கிரீன்-டாக்டர், ஸ்வே வகையறாவுக்கு டபிள்யூஎல்ஆர்-ரேண்டர், க்னோமுக்கு 48-ஆம் பதிப்பிலிருந்து ஜிடிசிடிஎல். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரே ஸ்கிரிப்டை எந்த டெஸ்க்டாப்பிலும் ஓட்டிய சௌகரியம் போய்விட்டது.

எண் கணக்கும் மாறுகிறது. ஸ்வேயில் இடத்தைச் சொல்வது உண்மையான பிக்சலில் அல்ல, ஸ்கேலால் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கும் விகிதம்) வகுத்த பிறகு வரும் அளவில். 3840 × 2160 திரையை 1.5 ஸ்கேலில் வைத்தால் அது 2560 × 1440 இடத்தைத்தான் அடைக்கும். பக்கத்துத் திரை 2560-இல் தொடங்க வேண்டும். பழைய பழக்கத்தில் 3840 என்று எழுதினால் நடுவில் 1280 அகலத்துக்குப் பள்ளம், ஒட்டாத திரைக்குக் கர்சர் தாண்டாது. மவுஸ் ஒரே திரையில் மாட்டிக்கொண்டது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் இந்த வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

முதன்மைத் திரை என்பதையும் வரிசையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செட்டிங்ஸில் பெட்டிக்குள் தெரியும் 1, 2 என்ற எண்கள் வெறும் அடையாளம். 2 என்று எழுதியது இடப்பக்கம் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, அதை மாற்ற மெனக்கெட வேண்டாம். முதன்மைத் திரை என்பது பேனலும் புது விண்டோக்களும் எங்கே வரும் என்பதற்கான குறிப்பு. எக்ஸில் இது ரேண்டரின் பகுதி. வேலேண்டின் அடிப்படை நெறிமுறையில் அப்படி ஒரு கருத்தே இல்லை, அந்தந்த டெஸ்க்டாப் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. எக்ஸ்வேலேண்டில் ஓடும் சில விளையாட்டுகள் எப்போதும் தப்பான திரையில் திறப்பதற்கு இது ஒரு காரணம்.

மானிட்டரை அணைத்தாலே வரிசை கலைகிறது என்பதும் அடிக்கடி வரும் புகார். டிஸ்பிளேபோர்ட்டில் சில மானிட்டர்கள் பவர் பட்டனை அமுக்கியதும் இணைப்பையே துண்டித்துவிடும். கணினியைப் பொறுத்தவரை யாரோ கேபிளைப் பிடுங்கிவிட்டார்கள். விண்டோக்கள் எல்லாம் பக்கத்துத் திரைக்கு ஓடிவிடும், திரும்பி வருமா என்பது டெஸ்க்டாப்பைப் பொறுத்தது. மானிட்டரின் சொந்த மெனுவில் ஆழ்ந்த உறக்கம், தானாக உள்ளீட்டைத் தேடுதல் போன்றவை இருந்தால் நிறுத்திப் பாருங்கள். பட்டனை அமுக்குவதற்குப் பதில் ஸ்கிரீன் லாக் போட்டுவிட்டுப் போவது அதைவிட எளிது.

டெஸ்க்டாப் வருவதற்கு முன்னால் தெரியும் கெர்னல் கன்சோலுக்கு வரிசை என்று ஒன்றும் இல்லை, அதனால் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது முக்கியம், பாஸ்வேர்ட் கேட்பது அங்கேதான். கெர்னல் வரியில் வீடியோ அளவுருவோடு ஒரு போர்ட் பெயரையும் டி என்ற எழுத்தையும் கொடுத்தால் அந்தத் திரை அணைந்தே இருக்கும், ஆனால் டெஸ்க்டாப் வந்த பிறகும் அது கண்ணுக்குத் தெரியாமலே போகும் என்பதால் இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். செங்குத்துத் திரைக்காக இந்தக் கன்சோலை வரையும் எஃப்பிகானின் ரொட்டேட் அளவுருவைப் போடலாம். அது எல்லாக் கன்சோலையும் சேர்த்துத் திருப்பும், பக்கத்தில் நேராக இருக்கும் திரையில் எழுத்துகள் படுத்துக்கொள்ளும். நான் அதை எல்லாம் தொடாமல் விட்டுவிட்டேன். பாஸ்வேர்ட் அடிக்க இரண்டு விநாடி, அதற்குள் எந்தத் திரை எப்படித் தெரிந்தால் என்ன.